பேத்திக்கு ஒரு மரம் - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் உறவினர்களைக் கூட்டி மரக்கன்று நடப்போகிறோம். நாற்பது பேர் வருவார்கள். ஆளுக்கொரு பிடி மண் போடவேண்டும் என்பது எல்லோருக்கும் ஆசை. ஆளுயரக் கன்றாகவே வாங்கலாம் என்கிறான் மகன். எதில் கவனம் வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

குழந்தைக்கு என் வாழ்த்துகள். இடுப்பளவுக் கன்றே போதும். பையில் நெடுநாள் நின்று உயர்ந்த கன்றுக்கு வேர் ஓரமாகச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் அந்தச் சுருள் விரியாது. அடிமரம் பருக்கையில் அந்த வேரே அதை நெரிக்கும்.

நீங்கள் சொல்லும் ஒரு பிடி மண்ணில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. எல்லோரும் தண்டையொட்டியே போடுவார்கள். தண்டு புதைந்தால் பட்டை அழுகும், மரம் மெல்ல நலியும். அதனால் முதல்நாளே குழி வெட்டிவிடுங்கள். தாய்மண், அதாவது பையில் வேரைச் சுற்றியிருக்கும் மண்கட்டி, எவ்வளவு உயரமோ அவ்வளவே ஆழம், அகலம் அந்தக் கட்டியின் அகலத்தைப்போல் 2 அல்லது 3 மடங்கு. ஆழமாக வெட்டி மறுபடி மண் நிரப்பினால் கன்று பின்னால் அமிழ்ந்துவிடும். மேல்வேர் கிளைக்கும் இடம் தரைமட்டத்திலோ ஒரு விரல் மேலேயோ இருக்கட்டும்.

பையைக் கிழித்தெடுத்து, சுருண்ட வேர்களை 3, 4 இடங்களில் வெட்டிவிட்டுக் கன்றைப் பெற்றோர் இறக்கட்டும். தோண்டிய மண்ணையே முக்கால் குழிக்கு நிரப்புங்கள். எருவைக் கொட்டினால் வேர் வெளியே போகாமல் குழிக்குள்ளேயே சுற்றும். உதிர்த்த மண் ஒரு வாளி தனியாக இருக்கட்டும். நாற்பது கைப்பிடிக்கு அது தாராளம். உறவினர்கள் குழியைச் சுற்றி வந்து வெளி ஓரத்தில் போடட்டும். யாரும் மிதிக்கவேண்டாம், தண்ணீரே மண்ணைப் படியவைக்கும். எல்லோரும் போனபின் தண்டருகே சேர்ந்ததைக் கையால் விலக்கிவிடுங்கள்.

அன்றைக்கு 10 முதல் 15 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மண்மேல் காய்ந்த இலை, வைக்கோல் பரப்பும் மூடாக்கு 2, 3 அங்குலம் போதும், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. பெயர்ப்பலகையைத் தனிக் கொம்பில் கட்டுங்கள். தண்டில் சுற்றிய கம்பி மரம் பருக்கும்போது உள்ளே இறங்கிவிடும். முதல் 2 ஆண்டுகள் மண் காயும்போதெல்லாம் தண்ணீர் விடப்போவது யார் என்பதை விழாவுக்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

விழா கடும் வெயிலில் வந்தால் நடுவதைத் தள்ளிப்போடலாம், கன்று நிழலில் காத்திருக்கும். அதே வகையில் இன்னொரு கன்றும் வாங்கி வேறிடத்தில் வளர்த்துவாருங்கள். முதல் கன்று பட்டுப்போனாலும், 'உன் மரம் செத்துவிட்டது' என்று அந்தக் குழந்தை ஒருநாளும் கேட்கவேண்டியிருக்காது.