பதில்: தம்பி மாத்திரையை நிறுத்திட்டான், குரல் திரும்பிடுச்சு

கடல்ல தூக்கம் தள்ளுதுன்னு தம்பி ரிஸ்பெரிடோனை (மனநோய் மாத்திரை) நிறுத்திட்டான், இப்போ ஆளே இல்லாம குரல் கேட்குது, வீட்ல ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்கன்னு பாம்பன்ல இருந்து எழுதியிருக்கீங்க.

தம்பி நடிக்கல. பக்கத்துல ஆள் நின்னு பேசுற மாதிரியேதான் கேட்கும். "யாரும் இல்லடா"ன்னு வாதாடாதீங்க, ஆமாம் சாமியும் போடாதீங்க. "எனக்குக் கேக்கல, உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. என்னடா சொல்லுது?"ன்னு கேளுங்க. அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். தண்ணிக்குள்ள குதி, அவனை வெட்டுன்னு கட்டளை வந்தா அன்னைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. அதுவரை தனியா விடாதீங்க, வள்ளத்துல ஏத்தாதீங்க.

பழைய அளவை நீங்களாவே திரும்பக் கொடுக்க வேணாம். இடைவெளி விட்டு முழு அளவு போட்டா, எழுந்து நிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கித் தலை சுத்தும். வள்ளத்து விளிம்புல நிக்கிறவன் கடல்ல விழ அது போதும். டாக்டர்கிட்ட "தூக்கம் வருது"ன்னு மட்டும் சொல்லாம, எத்தனை மணிக்குக் கடலுக்குப் போறான், எப்போ கரை திரும்புறான்னு சொல்லுங்க. மாத்திரை நேரத்தை மாத்தலாம், மருந்தையே மாத்தலாம். 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடுற ஊசியும் இருக்கு. தொழிலுக்குப் போறவங்களுக்கு அது வசதி.

தனியா இருக்கும்போது குரல் கூடினா, வாய்க்குள்ளயே பாட்டு முணுமுணுக்கச் சொல்லுங்க, ஹெட்செட்ல பாட்டு கேட்கலாம். பலருக்குக் கொஞ்சம் அடங்கும்.

தர்காவுக்குத் தாராளமா போங்க, மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க. சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் செத்தது கட்டிப்போட்டதாலதான். 2017 மனநலச் சட்டப்படி அது குற்றமும்கூட. நடுராத்திரி யோசனை வேணும்னா அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணுங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம்.