தோலுக்கு அடியில் ஒரு கல்லூரி

கேள்வி: குதிரை, மான், யானை என்று விலங்குகளாக வரைந்து தள்ளுகிறேன். யாரிடமும் கற்றதில்லை. கல்லூரியில் படிக்காதவன் ஓவியனாக முடியாது என்கிறார் அண்ணன். அப்படி யாரும் வந்ததே இல்லையா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பி, அண்ணனிடம் சார்லி ரஸ்ஸல் கதையைச் சொல்லுங்கள். 1864-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வசதியான வீட்டில் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. பதினாறு வயதில் நாட்டின் மேற்கே உள்ள மான்டானா பகுதிக்குப் போய்விட்டார். ஆடு மேய்த்துப் பார்த்தார், சரிப்படவில்லை. அப்புறம் ஜேக் ஹூவர் என்ற வேட்டைக்காரரோடு மலையில் போய்த் தங்கினார். அவருடைய கல்லூரி அதுதான். அடித்த மானை உரிக்கும்போது, எந்தத் தசை எந்த எலும்பில் போய் ஒட்டுகிறது என்று கண்ணெதிரே பார்க்கலாமே! நானும் பத்திரிகைகளுக்கு முப்பது வருடம் படம் போட்டவன். குதிரை வரையச் சொன்னால் காலடியில் புல்லை அடர்த்தியாகப் போட்டுக் குளம்பை மறைத்துவிடுவேன். ரஸ்ஸலுக்கு அந்தத் திருட்டுத்தனம் தேவைப்படவில்லை.

பிறகு மாட்டுப் பண்ணைகளில் கௌபாய் வேலை. பெரும்பாலும் ராத்திரிக் காவல் என்பதால், பகலில் வரைய நேரம் கிடைத்தது. 1886-87 குளிர்காலத்தில் பனி மூடி, மேய்ச்சல் இல்லாமல் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மந்தை எப்படி இருக்கிறது என்று ஹெலினா நகரிலிருந்த முதலாளி கேட்டிருந்தார். ரஸ்ஸல் தபால் கார்டு அளவு அட்டையில் நீர்வண்ணத்தில் ஒரு படம் போட்டார். பனியில் ஒற்றை மாடு. இடுப்பெலும்பு துருத்த, முதுகு கூனி நிற்கிறது. எப்போது விழும் என்று ஓநாய்கள் காத்திருக்கின்றன. முதலாளிக்குப் போன பதில் அந்த அட்டைதான். அது ஊர் பார்வைக்கு வந்து, ரஸ்ஸல் பெயர் பரவியது. 'சினூக்குக்காகக் காத்திருத்தல்' என்று படத்துக்குப் பெயர். சினூக் என்பது அங்கே பனியை உருக்க வரும் வெதுவெதுப்பான காற்று.

கேள்வி: சரி, அதை வைத்துச் சாப்பிட முடிந்ததா?
- அதே வாசகரின் அண்ணன்!

பதில்: அண்ணனே எழுதிவிட்டீர்களா! ரஸ்ஸல் தனியாக இருந்தவரை கஷ்டம்தான். 1896-ல் நான்சி என்ற பெண்ணைக் கட்டினார். அவருக்கு முப்பத்திரண்டு, அவளுக்குப் பதினெட்டு. நண்பர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். படத்துக்கு விலை சொல்லும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். அதுவும் கூசாமல் சொன்னாள். 1912-ல் மான்டானா சட்டமன்றச் சுவருக்கு 25 அடி நீளம், 12 அடி உயரத்தில் ஓர் ஓவியம் வரைந்தார். தபால் கார்டிலிருந்து அவ்வளவு தூரம். தம்பிக்கு நல்ல இடத்தில் பெண் பாருங்கள்.

கேள்வி: ரஸ்ஸல் கையெழுத்துக்குக் கீழே ஏதோ மண்டை ஓடு இருக்கிறதே, என்ன அது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: காட்டெருமையின் மண்டை ஓடு. அவர் மான்டானாவுக்கு வந்த சில வருடங்களிலேயே அந்தப் பெருங்கூட்டங்களை வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். 1926-ல் இறக்கும் வரை அவர் அவற்றை வரைந்துகொண்டேதான் இருந்தார்.