கீழே கடந்த விமானம்: மயிரிழையில் தப்பினோமா?

கேள்வி: கிழக்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது, எங்களுக்குக் கீழே எதிர்த்திசையில் ஒரு விமானம் கண்மூடித் திறப்பதற்குள் கடந்தது. வாலின் நிறம்கூடத் தெரிந்தது. இறங்கியபின் விமானங்களின் பாதையைக் காட்டும் ஆப்பில் பார்த்தால் நாங்கள் 37,000 அடி, அது 36,000 அடி. மயிரிழையில் தப்பினோமா? புகார் தரலாமா?

பதில்: வேண்டாம். தப்ப வேண்டிய நிலையே வரவில்லை. நீங்கள் தந்த இரண்டு எண்களே அதற்குச் சாட்சி. 29,000 முதல் 41,000 அடி வரை, அதற்கெனத் தகுதிபெற்ற விமானங்களுக்கிடையே 1,000 அடி உயர வித்தியாசம் போதும். பொதுவாகக் கிழக்கே போகிறவை 35,000, 37,000 என்று ஆயிரக் கணக்கில் ஒற்றைப்படை உயரத்தில் பறக்கும். மேற்கே போகிறவை இரட்டைப்படையில். எனவே ஒரே வான்தடத்தில் எதிரே வருவது 1,000 அடி மேலேயோ கீழேயோ கடப்பது அன்றாட நடப்பு. முன்பு இது 2,000 அடி. உயரமானிகள் துல்லியமான பிறகு, 1997இல் வட அட்லாண்டிக்கில் தொடங்கிப் பாதியாகக் குறைத்தார்கள்.

உங்கள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1,000 அடி என்பது சுமார் 300 மீட்டர்தான். 60 மீட்டர் இறக்கை கொண்ட பெரிய விமானம் அத்தனை தொலைவில், நீட்டிய கையின் முஷ்டியளவு தெரியும். அதுவும் இரண்டின் வேகமும் சேர்ந்து விநாடிக்கு 500 மீட்டர்! ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ இல்லாத ஆகாயத்தில் கண் போடும் கணக்கை நான் நம்புவதில்லை.

தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்கள் இடைவெளி மீறல் என்று பதிவதற்கு உயரம், பக்கவாட்டுத் தூரம் இரண்டுமே குறைந்திருக்க வேண்டும். ரேடார் கண்காணிப்பில் பக்கவாட்டு அளவு பெரும்பாலும் 5 நாட்டிக்கல் மைல், அதாவது 9 கிலோமீட்டர்; விமான நிலையத்தை ஒட்டி 3 மைல். ஒரே உயரத்தில் நாலரை மைலில் விலகிப் போனாலும் ஏட்டில் அது மீறல்தான்; பயணிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நேருக்கு நேர் வந்தால் அந்த 9 கிலோமீட்டரும் 18 விநாடியில் தீர்ந்துவிடும். அதனால்தான் தரையில் எச்சரிக்கை மணி இருந்தும், காக்பிட்டில் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி தனியாக இருக்கிறது. இரண்டு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே, டிகாஸ் ஏறச் சொன்ன ரஷ்ய டுப்போலெவ் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். அது இறங்கியது. தன் டிகாஸ் சொன்னபடி டிஎச்எல் சரக்கு விமானமும் இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள். இப்போது விதியில் குழப்பமில்லை: டிகாஸ் ஆணையிட்டால் அதுவே இறுதி. விமானி "டிகாஸ் ஆர்ஏ" (டிகாஸ் ஆணை வந்திருக்கிறது) என்று அறிவித்ததும் கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்றச் சொல்லக் கூடாது.

ஆக, சீராகப் போன விமானம் சட்டென்று ஏறியோ இறங்கியோ இருந்து, அதே நேரம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்தீர்கள் என்றால் மட்டும் எழுதிக் கேளுங்கள். விமான எண், தேதி, நேரம், எந்தப் பக்க ஜன்னல் ஆகியவற்றைக் குறித்து விமான நிறுவனத்துக்கு அனுப்பினால் போதும். ஆப் வரைபடத்தில் இரு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்த படத்தை மட்டும் அனுப்பிப் பயனில்லை. உயர எண்ணும் அதில் இருக்கட்டும்.

பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். 2001 ஜனவரியில் ஜப்பானில் இரண்டு ஜேஏஎல் விமானங்கள் மோதவே இல்லை. ஆனால் விலகுவதற்காக ஒன்று சட்டென்று தாழ்ந்ததில் சுமார் 100 பேர் காயமடைந்தார்கள்.