கூட்டுக்குள் இருந்து வந்தது குளவியா?

கேள்வி: ஜூன் மாதம் ஆனைமலை அடிவாரத்தில், மாமாவின் தேக்குத் தோப்பில் சருகுக்குள் கிடந்த ஆறு புழுக்கூடுகளை எடுத்துவந்து பாட்டிலில் போட்டு வைத்தேன். நான்கில் அந்துப்பூச்சி வந்தது, இரண்டில் தொடை பருத்த கறுப்புக் குளவி! கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடும் என்று பாட்டி சொல்வது நிஜம்தானா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பாட்டி பாதி சரி. குத்தியது உண்மை, குளவி வந்ததும் உண்மை. ஆனால் உள்ளே இருந்தது குளவியாக மாறவில்லை, குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடாகிவிட்டது.

அந்துப்பூச்சி தேக்கு இலைப்புழுவின் வளர்ந்த பருவம், பெயர் ஹிப்லியா பியூரா. உட்கார்ந்திருந்தால் சருகு நிறம், பின்சிறகை விரித்தால் கறுப்பில் ஆரஞ்சுத் திட்டு. இதன் புழு தளிர் இலையின் ஓரத்தை வெட்டி, மடித்து, அதற்குள் ஒளிந்துகொண்டு நரம்பை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்னும், அப்புறம் நூல் விட்டுக் கீழே இறங்கிச் சருகுக்குள் கூடாகிவிடும். அங்கேதான் குளவி தேடிவரும். பருத்த பின்தொடை என்றால் பெரும்பாலும் பிராக்கிமேரியா வகை. கூட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடும், அதன் குஞ்சு கூட்டுக்குள் இருப்பதைத் தின்று அதே ஓட்டுக்குள் வளர்ந்து வெளியே வரும்.

காலி ஓடுகளைத் தூக்கிப் போடவில்லையே? எடுத்துப் பாருங்கள். அந்துப்பூச்சி வந்த ஓடு தலைப்பக்கம் வெடித்துப் பிளந்திருக்கும், குளவி வந்ததிலோ கடித்துக் குடைந்த வட்டத் துளை. குளவிக்குக் கடிக்கத் தாடை உண்டு, இந்த அந்துப்பூச்சிக்கு இருப்பது தேன் உறிஞ்சும் குழல் மட்டும்தான்.

பேன் மாதிரி ஒட்டிக்கொண்டு பிழைக்கிற ஒட்டுண்ணி இல்லை இது, இடம் கொடுத்த உயிரைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். கரும்புக்காரர்கள் தோகையில் அட்டையாகக் கட்டுகிற ட்ரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவியும் இதே கதைதான், அது பூச்சியின் முட்டையிலேயே கை வைத்துவிடும்.

அப்போ குளவி தேக்கைக் காப்பாற்றுமா? அவ்வளவு நம்ப வேண்டாம். கோடை மழைக்குப் பின் அந்துப்பூச்சி கூட்டமாக வந்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. இந்தக் குளவி வருவதோ புழு இலையைத் தின்று முடித்த பிறகு. நிலம்பூர் தேக்கில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அளந்து பார்த்ததில், இந்தப் புழுவால் மர வளர்ச்சியில் 44 சதவீதம் போய்விடுகிறது என்று தெரிந்தது. ஆனாலும் வளர்ந்த மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும். மாமா மருந்தடிக்கக் கிளம்பினால் இதைச் சொல்லுங்கள், அந்த மருந்தில் குளவியும் சேர்ந்து போகும்.