வாசகர் கேள்வி: புதுச் சிலந்தின்னு எப்படி சார் முடிவு பண்றாங்க?

கேள்வி: குகைக்குள்ள புதுசா ஒரு சிலந்தி கண்டுபிடிச்சாங்கன்னு அடிக்கடி செய்தி வருது. என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, "அது புதுசுன்னு அவங்களுக்கு எப்படிப்பா தெரியும், ஏற்கெனவே யாராச்சும் பார்த்திருந்தா?"ன்னு கேக்குறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. (ஒரு வாசகர்)

பதில்: உங்க பொண்ணு கேட்டதுதான் சரியான கேள்வி, ஏன்னா பார்க்கிறது ரொம்ப சின்ன வேலை, அதுக்கப்புறம் அது புதுசுதான்னு நிரூபிக்கிறதுலதான் மொத்த உழைப்பும் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சிலந்தியை வச்சே சொல்றேன்.

அமெரிக்காவுல ஓரிகான் மாநிலத்தோட தென்மேற்கு மூலையில ஜோசஃபின் கவுண்டின்னு ஒரு இடம். அங்க இருக்கிற குகைகளுக்குள்ள 2010-ல குகை ஆர்வலர்கள் சிலர் இறங்கினாங்க. விஞ்ஞானிகள் இல்ல, லீவு நாள்ல ஹெல்மெட்டும் லைட்டும் மாட்டிக்கிட்டு குகைக்குள்ள போற ஆளுங்க. மேல லைட் அடிச்சுப் பார்த்தா, குகைக் கூரையில நாலஞ்சு நூலை மட்டும் இழுத்துக் கட்டிட்டு அதுல ஒரு பழுப்பு மஞ்சள் சிலந்தி தொங்குது. காலை விரிச்சா சுமார் 4 சென்டிமீட்டர் இருக்கும். அதைப் பிடிச்சு சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்கிற கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்ஸஸுக்கு அனுப்பிட்டாங்க.

அங்க சார்லஸ் கிரிஸ்வால்ட், ட்ரேசி ஆடிஷியோ, ஜோயல் லெட்ஃபோர்ட்னு மூணு பேர் அதை மைக்ராஸ்கோப்புக்கு கீழ வச்சாங்க. முதல்ல கண்ணை எண்ணுவாங்க. பெரும்பாலான சிலந்திக்கு எட்டு கண்ணு, இதுக்கு ஆறுதான். சரி, ஆறு கண்ணு இருக்கிற சிலந்திக் கூட்டம் ஏற்கெனவே சிலது இருக்கு, அதுல ஒண்ணா இருக்கும்னு நினைச்சா, மூச்சு விடுற உறுப்பு அந்தக் கூட்டத்தோட பொருந்தல, அது ரொம்பப் பழைய காலத்து அமைப்பா இருந்துச்சு. அப்புறம் காலைப் பார்த்தாங்க. கால் நுனியில அரிவாள் மாதிரி வளைஞ்ச நீள நகம், அதோட உள்பக்கம் வரிசையாப் பல்லு, காலோட கடைசித் துண்டு மடங்கி வந்து எதையோ கவ்விப் பிடிக்கிற மாதிரி அமைப்பு. பருந்து கால் ஞாபகம் வருதா, அவங்களுக்கும் அதேதான் வந்திருக்கு. கடைசியில எந்தக் குடும்பத்துலயும் சேர்க்க முடியாம, புது இனம், புதுப் பேரினம் (நெருங்கின இனங்களோட கூட்டம்), அதுக்குன்னே ஒரு புதுக் குடும்பம் (பேரினங்களோட கூட்டம்)னு மூணையும் ஒரே கட்டுரையில 2012 ஆகஸ்ட்ல ஜூகீஸ்ங்கிற ஆய்விதழ்ல வெளியிட்டாங்க. பேர் ட்ரோக்லோராப்டர் மார்ச்சிங்டோனி. ட்ரோக்லோன்னா குகை, ராப்டர்னா கொள்ளைக்காரன்.

2010-ல கையில கிடைச்சது 2012-லதான் பேர் வாங்குது பாருங்க. நடுவுல நடந்ததுதான் உங்க பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில்: இதுக்குச் சொந்தக்காரங்களா இருக்கக்கூடிய சிலந்திகளைப் பத்தி இதுக்கு முன்னாடி எழுதின விவரணைகளைப் பார்க்கணும், மியூசியத்துல இருக்கிற பழைய மாதிரிகளோட ஒப்பிடணும், எங்கெங்க வேறுபடுதுன்னு படம் வரைஞ்சு அளவெடுத்துக் காட்டணும். அந்தக் குறிப்பிட்ட ஒரு சிலந்தியை, ஹோலோடைப்னு சொல்லுவாங்க, ஆல்கஹால்ல போட்டு மியூசியத்துல வச்சிடுவாங்க. நாளைக்கு எவனாச்சும் சந்தேகப்பட்டா அந்தப் பாட்டிலைத் திறந்து பார்த்துக்கலாம். பொண்ணுகிட்ட இதைக் கண்டிப்பா சொல்லுங்க, என்னை நம்புன்னு சொல்லாம நீயே வந்து பாருன்னு சொல்றதுதான் இந்த வேலையோட அழகு.

கேள்வி: ஒரு குட்டிச் சிலந்தியைப் பிடிச்சுக் கொடுத்தாலும் என்ன இனம்னு கண்டுபிடிச்சிடுவாங்களா? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: பெரும்பாலும் முடியாது. சிலந்தியில நெருங்கின இனங்களைப் பிரிச்சுக் காட்டுறது நிறமோ உருவமோ இல்ல, இனப்பெருக்க உறுப்பு. ஆண் சிலந்திக்கு வாய்க்குப் பக்கத்துல ரெண்டு குட்டிக் கை மாதிரி இருக்கும், அதோட நுனி குத்துச்சண்டை கையுறை மாதிரி உப்பலா இருக்கும், அதுக்குள்ள இருக்கிற மடிப்பும் முள்ளும் இனத்துக்கு இனம் மாறும். அது வளர்ந்து முடிஞ்சாதான் முழுசா உருவாகும். இதே சிலந்தி விஷயத்துலயே அந்தச் சிக்கல் வந்துச்சு. வடமேற்கு கலிஃபோர்னியாவுல ரெட்வுட் காட்டுக்குள்ள, தரையில கிடக்கிற குப்பை கூளத்துல இதே பேரினத்துச் சிலந்திகள் கிடைச்சுது, ஆனா கிடைச்சது குட்டிங்க. வேற இனமா இருக்க வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சும் அவசரப்பட்டுப் பேர் வைக்காம விட்டாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை கூடினதே இந்த இடத்துலதான்.

இன்னொண்ணும் சொல்லணும். உயிரோட கொண்டு வந்த சிலந்திகளை குகை மாதிரியே குளிரான அறையில வச்சு அந்துப்பூச்சி, சில்வண்டு, வேற சிலந்தின்னு போட்டுப் பார்த்தாங்க. எதையும் தொடல. அவ்வளவு பெரிய நகம் எதைப் பிடிக்கிறதுக்குன்னு தெரியாமலே விவரணை வெளிவந்துச்சு, அது தெரியலன்னு அவங்களே எழுதியும் வச்சாங்க.

கேள்வி: குகைச் சிலந்தின்னா கண்ணே இருக்காதுன்னு கேள்விப்பட்டேன். இதுக்கு ஆறு கண்ணு இருக்கே? அப்புறம் பேரை யார் வேணும்னாலும் வைக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: எல்லாத்துக்கும் அப்படி இல்ல ஐயா. இருட்டுக்குள்ளயே எத்தனை தலைமுறை அடைஞ்சு கிடக்குதுங்கிறதைப் பொறுத்தது. லாவோஸ் நாட்டுக் குகையில பீட்டர் யேகர்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர் 2012-லயே சினோபோடா ஸ்கூரியான்னு ஒண்ணை விவரிச்சார், அதுக்குக் கண்ணே இல்ல. அதோட சொந்தக்காரங்களைப் பார்த்தா சிலதுக்கு ஆறு, சிலதுக்கு நாலு, சிலதுக்கு ரெண்டுன்னு கண்ணு குறைஞ்சுக்கிட்டே வர்றது தெரியும், படிப்படியா விளக்கை அணைக்கிற மாதிரி. ஹவாய்ல காவாய் தீவு எரிமலைக் குழம்புக் குகையில ஒரு ஓநாய்ச் சிலந்தி இருக்கு. ஓநாய்ச் சிலந்தின்னாலே பெரிய கண்ணுக்குப் பேர் போனது, ஆனா இதுக்கு ஒண்ணுகூடக் கிடையாது. 1973-ல விவரிச்சு பேர் வச்சாங்க, 2000-ல அமெரிக்க அரசு அழியும் நிலை உயிரினப் பட்டியல்ல சேர்த்துச்சு. தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வாயிலயே கவ்விக்கிட்டுத் திரியும், ஒரு தடவைக்கு 15-லிருந்து 30 முட்டைதான். இவ்வளவு குறைவா பெருகுற ஜீவன் ஒரே ஒரு சின்னப் பகுதியில மட்டும் இருக்கும்போது, பேர் வச்சு விவரிக்காம விட்டிருந்தா எந்தச் சட்டத்துல கொண்டு போய் அதைச் சேர்த்திருப்பாங்க சொல்லுங்க.

பேர் விஷயத்துக்கு வர்றேன். கண்டுபிடிச்சவங்க இல்ல, விவரிச்சு எழுதுறவங்கதான் வைப்பாங்க. தன் பேரையே வச்சுக்கிறது மரியாதை இல்லைன்னு ஒரு வழக்கம். மார்ச்சிங்டோனின்னு வந்தது நீல் மார்ச்சிங்டன்ங்கிற குகை ஆர்வலர் பேர்ல, ஆம்பளை பேர்னா கடைசியில இகரம் வரும், பொம்பளை பேர்னா வேற விகுதி. அப்புறம், விலங்குகளுக்கு அறிவியல் பேர்க் கணக்கு 1758-ல லின்னேயஸ்ங்கிற ஸ்வீடன் இயற்கை அறிஞர் எழுதின புத்தகத்துலேர்ந்துதான் ஆரம்பம், ஆனா சிலந்திக்கு மட்டும் ஒரு சலுகை. 1757-ல ஸ்வீடன் நாட்டு கார்ல் க்ளெர்க் எழுதின சிலந்திப் புத்தகம் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வந்ததுன்னாலும் அதுல இருக்கிற பேர்கள் செல்லும்னு விதியிலயே எழுதி வச்சிருக்காங்க. அங்கேர்ந்து எண்ண ஆரம்பிச்சது 2022 ஏப்ரல்ல 50,000 இனத்தைத் தொட்டுச்சு, உலகச் சிலந்திப் பட்டியல்னு சுவிட்சர்லாந்துல பெர்ன் நகர மியூசியம்தான் அந்தக் கணக்கை வச்சிருக்கு, இணையத்துல இலவசமாவே பார்க்கலாம், முதல் கேள்வி கேட்ட அப்பா அதைப் பொண்ணுக்குத் திறந்து காட்டுங்க.