பாண்டு எழுதி வாங்கினால் ஆசிரியர் நிலைப்பாரா?

கேள்வி: ஈரோடு பக்கம் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி நடத்துகிறோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏழெட்டு ஆசிரியர்கள் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள், அதிலும் ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள்தான் அதிகம். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருடம் விலக மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கச் சொல்கிறார், எங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரிஜினலைச் சரிபார்த்து, நகலை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். பாண்டும் காகிதம்தான். 18,000 ரூபாய் சம்பளக்காரர் மேல் வழக்குப் போட்டால் வக்கீலுக்கே அதைவிட அதிகம் போகும். ‘சர்டிபிகேட்டைப் பிடித்துவைக்கிற ஸ்கூல்’ என்று பேர் வாங்கிவிட்டால் விவரமானவர்கள் இன்டர்வியூவுக்கே வர மாட்டார்கள்.

அந்த ஏஜென்டைப் பற்றியும் யோசியுங்கள். உங்களிடம் கமிஷன், சேருகிற டீச்சரிடம் பாதி மாதச் சம்பளம். அடுத்த மார்ச்சில் அதே டீச்சருக்கு போன் போட்டு, “பக்கத்து ஊர்ல ரெண்டாயிரம் கூட தர்றாங்க, போறீங்களா மேடம்?” என்பார். ஆள் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் அவருக்குப் பிழைப்பு ஏது? போனவர்களையே கூப்பிட்டு, இப்போதிருக்கும் பள்ளிக்கு யார் அனுப்பினார்கள் என்று விசாரியுங்கள்.

சரி, ஏன் போகிறார்கள்? அரசு வேலை கிடைத்துப் போகிறவரை விடுங்கள், அவரைத் தடுக்கக் கூடாது. மற்றவர்களை விரட்டுவது பெரும்பாலும் மே மாதம்தான். பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு, மொட்டை வெயிலில் வீடு வீடாக அட்மிஷன் கேட்டு அலைகிறார். பத்துப் பிள்ளை பிடித்தாக வேண்டும். ஆனால் மே மாதச் சம்பளம் கிடையாது. சில பள்ளிகளில் வங்கியில் முழுச் சம்பளமும் ஏறும், மறுநாள் ஒரு பகுதியைக் கவரில் போட்டு ஆபீஸில் திருப்பித் தர வேண்டும். உங்கள் பள்ளியில் இதெல்லாம் இல்லையென்றால் சந்தோஷம்.

அங்கீகாரம் புதுப்பிக்கக் கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு என்று நான்கு சான்றுக்கு அதிகாரிகள் உங்களை அலையவிடுகிறார்களே, அந்த அக்கறையில் கால்வாசியை ஆசிரியர் சம்பளத்தில் காட்டியிருந்தால் உங்கள் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

இன்னொரு வித்தையை ஆடிட்டர்கள் சொல்லித் தருவார்கள்: ஐந்து வருடம் முடிவதற்குள் ஆளை மாற்றிவிட்டால் பணிக்கொடை (கிராஜுவிட்டி, ஐந்து வருடம் வேலை பார்த்து விலகுகிறவருக்கு நிர்வாகம் தர வேண்டிய தொகை) மிச்சம் என்று. ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு. தனியார் பள்ளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2022-ல் தோற்றன. அப்புறம், அந்த ‘ஐந்து வருட’த்திலும் ஒரு விலக்கு இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள். நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஐந்து வருடம் ஆனதாகவே கணக்கு. மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக நடக்கும் இடமென்றால் 190 நாளே போதும். சனிக்கிழமை லீவு விடுகிற பள்ளியா உங்களுடையது? அப்படியானால் 2021 ஜூனில் சேர்ந்தவரை 2026 ஏப்ரல் கடைசியில் அனுப்பிவிட்டு ‘இன்னும் ஒரு மாதம் பாக்கி’ என்று தப்பிக்க நினைக்காதீர்கள், வேலை பார்த்த நாட்களை எண்ணிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 18,000 என்றால் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி 5-ஆல் பெருக்குங்கள்: பணிக்கொடை 51,923 ரூபாய். ஏப்ரலில் விடுவித்து ஜூனில் புது ஆர்டர் கொடுக்கும் தந்திரத்தையும் நம்பாதீர்கள். ஆசிரியர் தவறில்லாமல் விழுந்த இடைவெளி தொடர்பணியை முறிக்காது.

இந்த வருடம் பிப்ரவரியிலேயே எல்லோரையும் உட்காரவைத்து, பன்னிரண்டு மாதச் சம்பளம் என்று ஆர்டரில் எழுதிக் கொடுங்கள். கேன்வாசிங் வேலையைச் சம்பளம் கொடுத்து வேறு ஆட்களிடம் விடுங்கள். அப்படியும் போகிறவருக்கு ரிலீவிங் ஆர்டரை இழுத்தடிக்காமல், பி.எஃப். கணக்கில் விலகிய தேதியையும் உடனே பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் விட்டால் அவரே ஆன்லைனில் பதிவு செய்ய வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிய வேண்டும்.