அரங்கம் கட்டப் பேரூராட்சி பணம் தருமா? கேள்வி பதில்

பேரூராட்சிகளில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோதும், அறுவடை முடிந்து ஊரில் நாடகம் போட்டால் திரைச்சீலை கட்ட விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஊருக்கு நாடக அரங்கம் கேட்டு உள்ளாட்சியை அணுகுவது பற்றி எழுதுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்த பக்கத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி (பாபநாசம், இசை நாடக நடிகர்): எங்கள் பேரூராட்சித் தலைவர், "குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, இதுதான் எங்கள் வேலை. நாடகக் கொட்டகை கட்டச் சட்டத்தில் இடமில்லை" என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை ஐயா. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொறுப்புகள். பதின்மூன்றாவது, பண்பாடு, கல்வி, கலையழகு சார்ந்த பணிகளை வளர்ப்பது. தலைவரிடம் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள், மரியாதையாக.

ஆனால் சட்டத்தில் இடம் இருப்பதால் பெட்டியில் பணம் இருப்பதாக ஆகிவிடாது. சிறிய பேரூராட்சியின் பொது நிதி சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்குமே இழுத்துப் பிடித்துத்தான் போகும். ஆகவே பேரூராட்சியிடம் பணத்தைக் கேட்பதற்கு முன் இடத்தையும் மன்றத் தீர்மானத்தையும் கேளுங்கள். அந்த இரண்டும் கையில் இருந்தால் பணத்துக்கு மூன்று நான்கு கதவுகள் திறக்கும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி, ஆனால் அதைப் பங்கு போட ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நிற்கும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். அரங்கத்துக்கு ஏற்ற வழி இதுதான் என்பது என் எண்ணம். தெருவுக்குத் தெரு வசூலித்துக் கட்டிய பணம் உள்ளே இருந்தால் ஊர் அந்தக் கட்டடத்தைக் கைவிடாது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தில் கட்டட மானியமும் உண்டு. செலவில் 60 விழுக்காட்டுக்கு மேல் தரமாட்டார்கள். நேற்றுப் பதிவு செய்த சங்கத்துக்கும் தரமாட்டார்கள்.

சங்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். பதிவு செய்துவிட்டு ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்ட குழுக்களின் விண்ணப்பங்களை நானே வருத்தத்தோடு திருப்பியிருக்கிறேன்.

கேள்வி (திருவையாறு): அரங்கம் கட்ட மொத்தம் எவ்வளவு ஆகும்?

பதில்: இடத்தின் அளவும் மண்ணும் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. பேரூராட்சிப் பொறியாளரை இடத்துக்கு அழைத்துப்போய் மதிப்பீடு கேளுங்கள்.

கேள்வி (ஒரத்தநாடு பக்கம்): எங்களுடையது கிராம ஊராட்சி. நிதிக்குழு மானியத்தில் மேடை கட்டலாமா?

பதில்: ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையிலும் பண்பாட்டுப் பணிகள் உண்டு, 21ஆவது இனம். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கிய பணம், அதைத் தொடக்கூடாது. மீதி 40 விழுக்காட்டைத்தான் ஊர் தன் தேவைக்கேற்பக் கேட்கலாம். அதற்கும் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். பத்துப் பேராகப் போய்ப் பயனில்லை, நூறு பேராகப் போங்கள். நார்த்தேவன்குடிக்காட்டில் இரணியன் நாடகம் ஆடுகிற வட்டாரத்துக்காரர்கள் நீங்கள். உங்களுக்கு மேடை கேட்க உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு உண்டு?

கேள்வி (வலங்கைமான்): ஊர் நடுவே தூர்ந்துபோன குளம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் நின்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. அங்கே கட்டலாமா?

பதில்: கூடாது. தண்ணீர் நிற்காவிட்டாலும் ஆவணத்தில் அது குளம். நீர்நிலைப் புறம்போக்கில் பொதுக் கட்டடம் எழுப்பினாலும் நீதிமன்றம் இடிக்கச் சொல்லும், சரியாகத்தான் சொல்லும். நம் ஊர்களில் ஐப்பசி மழை எங்கே போய் நிற்கும் என்று பாட்டன் காலத்தில் பார்த்து வெட்டிய குளம் அது. தூர்வாரக் கேளுங்கள். அரங்கத்துக்கு நத்தம், களம், மந்தைவெளி என்று வேறு இடம் தேடுங்கள். எந்த இடமானாலும் முதல் வேலை, கிராம நிர்வாக அலுவலரிடம் போய், நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்ப்பது. ஊர்ப் பெரியவர் சொன்னார் என்பது ஆவணம் ஆகாது.

கேள்வி (திருவிடைமருதூர்): கோயில் நிலம் காலியாக இருக்கிறது. செயல் அலுவலர் நல்லவர், வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார்.

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும். அறநிலையச் சட்டம் 34ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. ஐந்தே ஆண்டுக் குத்தகை நிலத்தில் எந்த அரசுத் துறையும் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்காது. டெல்டாவில் பாதி ஊர்களில் காலி இடம் என்றாலே கோயிலோ மடமோதான் உரிமையாளர். 'அ' பதிவேடு, 'அ' பதிவேடு!

கேள்வி (மன்னார்குடி, ஒப்பந்ததாரர்): ஆண்டில் பத்து நாள் நாடகத்துக்காகத் தனி அரங்கம் எதற்கு? சமுதாயக் கூடமாகக் கட்டிக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுங்கள். மற்ற நாளில் நாடகம் போடுங்கள். வருமானமும் வரும், நாடகமும் நடக்கும்.

பதில்: இந்த யோசனையை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் எத்தனையோ அரங்கங்கள் பிறக்கும் முன்பே போனது இதனால்தான், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் பணியாற்றிய ஓர் ஊரில் 'கலையரங்கம்' என்று கல்வெட்டு வைத்துக் கூடம் கட்டினோம். மேடையின் மூன்று பக்கமும் சுவர். பின்சுவரில் மணமக்களுக்காகப் பளபளக்கும் ஓடு. பக்கத்தில் நடிகர் நின்று காத்திருக்க இரண்டடி இடம் கிடையாது. திறப்பு விழாவுக்கு மயான காண்டம் வைத்தோம். சந்திரமதி வேடம் கட்டிய அம்மையார் சமையலறையில், அண்டாக்களுக்கு நடுவே, இரண்டு பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடிக்க உடை மாற்றினார். மேடைக்கு வர ஒரே வழி கூடத்தைச் சுற்றி வெளியே நடப்பது. தூறல் பிடித்துக்கொண்டது. லோகிதாசனின் உடலாக வைத்திருந்த துணிப் பொதியை நனையாமல் மாரோடு அணைத்துக்கொண்டு அவர் சேற்றில் நடந்து வந்தார். ஏறிய பிறகு பாட்டில் ஒரு சுருதி பிசகவில்லை. அரிதாரம் மட்டும் கழுத்துவரை வழிந்திருந்தது. மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். வரைபடத்தை விரித்தபோது நடிகர் எந்த வழியாக வருவார் என்று ஒருவரையும் நான் கேட்கவில்லை. அந்த வழிந்த அரிதாரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இனி நாள் கணக்கு. முகூர்த்தம் இல்லாத மாதங்கள் ஆடி, புரட்டாசி, மார்கழி. ஆடியில் ஊரே வயலில் நிற்கும், புரட்டாசியில் சம்பா நடவு, மார்கழியில் கதிர் முற்றும் நேரம். சம்பா அறுத்து, நெல் போட்டு, கையில் காசு புரண்டு, வயல் காய்ந்து கிடக்கிற மாசி முதல் வைகாசி வரைதான் இங்கே நாடகம். கல்யாணமும் அப்போதுதான். வாடகை கொடுப்பவரும் கொடுக்காதவரும் ஒரே நாளைக் கேட்டால் அலுவலகம் யாருக்குக் கொடுக்கும்?

கேள்வி (மன்னார்குடி, அதே ஒப்பந்ததாரர்): உருக்கமாக எழுதிவிட்டீர்கள். மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள்? அதைச் சொல்லுங்கள்.

கேள்வி (கும்பகோணம், நாடகக் குழு நடத்தும் அம்மையார்): நான் ஒப்பந்ததாரர் பக்கம். எங்கள் குழு ஆண்டில் பன்னிரண்டு நாள் ஆடினால் அதிகம். மீதி நாளெல்லாம் பூட்டிய கட்டடத்தில் வௌவால்தான் குடியிருக்கும். மூன்று ஆண்டில் மின்கம்பியை எலி கடித்திருக்கும்.

கேள்வி (சீர்காழி): கல்யாணத்துக்கு விடத் தொடங்கினால் வாடகையைக் குறைக்கச் சொல்லி ஆளாளுக்குத் தொலைபேசி வரும். வருமானமும் வராது, நாடகமும் நடக்காது. ஐயா சொல்வதே சரி.

பதில்: மூவருக்கும் சேர்த்து. அம்மா, பூட்டிய கட்டடம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு மருந்து கல்யாணம் ஒன்றுதானா? காலையில் நாதஸ்வரம், தவில் பயிலும் பிள்ளைகளுக்குச் சாதகம் செய்ய இடம் கொடுங்கள். மாலையில் பரத வகுப்புக்கு மாத வாடகைக்கு விடுங்கள். பள்ளி ஆண்டு விழா, அரங்கேற்றம், பட்டிமன்றம், ஒத்திகை எல்லாவற்றுக்கும் சிறு கட்டணம் வையுங்கள். இவை எவற்றுக்கும் அடுப்பு வேண்டாம். அடுப்பு நுழைந்தால் புகை நுழையும், திரைச்சீலை கறுக்கும், சரிவான தரையைச் சமதளமாக்கு என்பார்கள். சமதளமானால் நான்காம் வரிசைக்குப் பின்னால் இருப்பவருக்குப் பபூனின் தொப்பிதான் தெரியும்.

ஒப்பந்ததாரர் ஐயாவுக்கு: மின்கட்டணத்தைப் பேரூராட்சி கட்டட்டும், ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக. பூங்கா எந்த வருமானமும் தருவதில்லை, ஆனாலும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். அன்றாட நிர்வாகத்தையும் துப்புரவையும் சங்கம் ஏற்கட்டும். கல்யாணத்துக்கு விட்டே தீர வேண்டிய ஊரானால், சாப்பாட்டுக் கூடத்தை அதே மனையில் தனிக் கட்டடமாகப் பிறகு கட்டுங்கள். இதற்கு மேல் இறங்கிவர எனக்கு மனமில்லை. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்தனார், தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவ் குழுவின் நாடகத்தைப் பார்த்தவர். தலைநகருக்கே நாடகம் கொண்டுபோய்க் காட்டிய மண் இது. இங்கே நடிகருக்கு நிற்க இடம் கேட்பது பேராசை அல்ல.

கேள்வி (மன்னார்குடி, மறுபடி): மேடை அளவு சொல்லுங்கள். வரைந்து பார்க்கிறேன்.

பதில்: மகிழ்ச்சி ஐயா, இதை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். மேடையின் வாய், அதாவது முன்பக்கத் திறப்பு, 30 அடி, ஆழம் 22 அடிக்குக் குறையாமல். இரு பக்கமும் தட்டி வைக்க எட்டெட்டு அடி. உயரம் மூன்றடி. பின்பக்கம் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி ஒப்பனை அறை, கழிப்பறையோடு, மேடைக்கு உள்வழியாகவே வரும்படி. ஆர்மோனியக்காரருக்கும் டோலக்குக்காரருக்கும் மேடையின் ஓரத்தில் நிலையான இடம். மாற்றுத்திறனாளிகளுக்கு வாசலில் மட்டுமல்ல, மேடைக்கும் சாய்தளம் வையுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): பணம் சேரும்வரை கீற்றுக் கொட்டகை போட்டுக்கொள்ளலாமா? குளிர்ச்சியாகவும் இருக்கும்.

பதில்: வேண்டாம். 2004 சூலை 16, கும்பகோணத்தில் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதே ஆண்டு சனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பந்தல் எரிந்து மணமகனே இறந்தார். மேடை விளக்கும் கீற்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. தகரம் போட்டாலும் உங்கள் பக்கத்தில் 2018 கஜாவை நினைத்துப் போடுங்கள், கொக்கி ஆணியை நம்பாதீர்கள். அதுவரை திறந்தவெளியில் ஆடுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): நாடகக் கதையைக் காவல் நிலையத்தில் முன்கூட்டிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: அப்படிக் கேட்க இடம் தந்த 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை எதிர்த்து நாடகக்காரர் ஞாநி வழக்குத் தொடுத்தார். அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கி விதி வேறு: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது, மூடிய அரங்கத்துக்குள் தடையில்லை. விடிய விடிய ஆடுகிற நமக்கு அரங்கம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கேள்வி (நன்னிலம்): டிக்கெட் போட்டால் சரக்கு சேவை வரி உண்டா?

பதில்: நாடகத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரை இல்லை.

கேள்வி (பேராவூரணி): வாய்க்கால் கரையில் ஓர் இடம் இருக்கிறது...

பதில்: வலங்கைமான் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (குடவாசல்): ஏரி உள்வாயில்...

பதில்: தயவு செய்து மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள். 'அ' பதிவேட்டைப் பார்க்காமல் இடம் பற்றி இனி யாருக்கும் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (நாகப்பட்டினம், இளம் இயக்குநர்): எங்கள் நகராட்சியில் அரங்கம் கட்டத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. சங்கத்தோடு ஒப்பந்தம் போட வரச்சொல்கிறார்கள். எதை எழுதி வாங்க வேண்டும்?

பதில்: வாழ்த்துகள் அம்மா. இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. எல்லோரும் யார் கட்டுவது என்று கேட்கிறார்கள், நீங்கள் யார் நடத்துவது என்று கேட்கிறீர்கள்.

உரிமை நகராட்சிக்கு, நிர்வாகம் கூட்டுக் குழுவுக்கு என்று எழுதுங்கள். குழுவில் நடிகர்கள் குறைந்தது பாதி இருக்கட்டும். மாசி முதல் வைகாசி வரை நாடகத்துக்கு முன்னுரிமை நாட்கள் எத்தனை என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். உள்ளூர்க் குழுவுக்கு என்ன கட்டணம், வெளியூர்க் குழுவுக்கு என்ன கட்டணம், யார் தொலைபேசியில் சொன்னாலும் குறைப்பு இல்லை என்று போடுங்கள். கூரை ஒழுகினால் எத்தனை நாளில் யார் சரிசெய்வது என்பதும் வேண்டும். 2016க்குப் பிறகு தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்திய ஆண்டுகளைப் பார்த்தோம். ஆகவே மன்றம் இல்லாத காலத்திலும் இந்த ஒப்பந்தம் அப்படியே தொடரும் என்ற வரி கட்டாயம் வேண்டும்.

பிறகு சாவி. அலுவலகத்தில் இருக்கும் என்று எழுதவிடாதீர்கள். அலுவலகம் மாலையில் மூடிவிடும், ஒத்திகை அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஒரு சாவி அலுவலகத்தில், ஒரு சாவி சங்கச் செயலாளர் கையில் என்று எழுதி, கீழே இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.